விஞ்ஞானக் கட்டுரையின் அரங்கேற்றம்

நம் சர்வகலாசாலைகளின் ஆராய்ச்சிக் கூடங்களில் இரண்டு மாணவர்கள் சந்தித்துக்கொண்டால், சௌக்கியம் விசாரித்த மறுகணமே ஒருவர் மற்றவரைக் கேட்பது, "பேப்பர் போட்டாச்சா?" என்பதுதான். இந்தப் 'போடுதல்' என்ற வினைச்சொல்லைச் சற்றே நின்று கவனிக்கவேண்டும். தபாற்பெட்டியில் கடிதத்தைப் போடுகிறோம். உண்டியலில் காசைப் போடுகிறோம். போட்ட பிறகு அதைப் பற்றிய நினைவு நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. ஆராய்ச்சி ஒரு காரியம், அதை எழுதிச் சஞ்சிகைக்கு அனுப்புவது அக்காரியம் முடிந்த பின் யாரேனும் ஒரு குமாஸ்தா செய்துவிடக்கூடிய வேறொரு காரியம் என்ற எண்ணம் அச்சொல்லுக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறது. என் கட்சி அதற்கு நேர் மாறானது. நம்முடைய கூடத்தையும் கருவிகளையும் ஒருநாளும் கண்டிராத, நம்மிடத்தில் அன்போ கடமையோ சிறிதும் இல்லாத ஓர் அந்நியன் படித்து நம்பும்படியாகவும், நம்பாவிட்டால் தானே செய்து பார்த்துக்கொள்ளும்படியாகவும் எழுத முற்படும்போதுதான், நாம் அறிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தவற்றுள் எவ்வளவை மெய்யாகவே அறிந்தோம் என்பது நமக்கே புலனாகிறது. ஆகையால் எழுதுவது ஆராய்ச்சியின் கடைசிப் பரிசோதனை. அதில் தேறாதது ஆராய்ச்சியாகவே முடிவு பெறவில்லை.

நூலை இயற்றியவுடன் புலவனுடைய பொறுப்புத் தீர்ந்துவிட்டதாக நம் முன்னோரும் கருதவில்லை. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனுடைய அவையில் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் தெரிவிக்கிறது. ஆனால் அந்த அரங்கேற்றத்தில் ஆசிரியனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது. ஐயம் எழுப்பியவர் எதிரிலேயே அமர்ந்திருந்தார். சமாதானத்தை வாயாலேயே சொல்லிவிடலாம். விஞ்ஞானக் கட்டுரையோ ஆசிரியனைப் பின்னே விட்டுவிட்டுத் தனியாக அவைக்குப் போகிறது. கேட்கப்படக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் விடையைத் தானே சுமந்துகொண்டு போகவேண்டியது அதன் விதி.

இத்தகைய கட்டுரைகளைத் தாங்கிவரும் சஞ்சிகைகளின் வரலாறு 1665ஆம் ஆண்டில் தொடங்குகிறது. அவ்வாண்டு ஜனவரியில் பாரிஸ் நகரத்தில் 'ஜூர்னால் தே ஸவான்' வெளிவந்தது. மார்ச்சு 6ஆம் தேதி லண்டனில், ராயல் சொஸைட்டியின் காரியதரிசியாகிய ஹென்றி ஓல்டன்பர்க் தம் சொந்தப் பொறுப்பிலேயே 'ஃபிலசாஃபிகல் டிரான்ஸாக்‌ஷன்ஸ்' என்ற சஞ்சிகையைத் தொடங்கினார். அதற்கு முன்பெல்லாம் ஒரு புதுமையைக் கண்டவன் அதைச் சொல்லவும் அஞ்சினான், சொல்லாதிருக்கவும் அஞ்சினான். சொன்னால் பிறன் தனதென்று கூறிக்கொள்வான். சொல்லாதிருந்தால் பிறன் தானாகவே கண்டு முந்திக்கொள்வான். சனிக் கிரகத்தின் விசித்திரமான வடிவத்தை 1610ஆம் ஆண்டில் கண்ட கலிலியோ, எழுத்துக்களைக் கலைத்துப்போட்ட ஒரு புதிராகவே அச்செய்தியை வெளியிட்டதும் இந்தச் சங்கடத்தினாலேதான். ஓல்டன்பர்க் கண்ட பரிகாரம் மிக எளியது. கடிதம் வந்து சேர்ந்த தேதியைக் குறித்துக்கொண்டு, தாமதமின்றி அச்சிட்டு ஊரறியச் செய்துவிட்டால், முந்தியவர் யார் என்ற வழக்குக்கே இடமில்லை. இரகசியத்தைக் காப்பாற்றுவதில் இருந்த லாபத்தை, இரகசியத்தை வெளியிடுவதில் இருக்கும்படி மாற்றிவிட்ட அந்தச் சாமர்த்தியத்தைப் போதிய அளவு நாம் போற்றவில்லை என்பது என் அபிப்பிராயம். இன்றைக்கும் ஒவ்வொரு கட்டுரையின் தலைப்புக்குக் கீழேயோ முடிவிலேயோ, 'பெறப்பட்ட தேதி' என்று பொடி எழுத்தில் அச்சாகும் ஒரு வரி இருக்கிறதே, அது ஓல்டன்பர்க் விட்டுப்போன ஆஸ்தி.

அச்சேறியவன் அடியும் படவேண்டும் என்பது சீக்கிரத்திலேயே தெரிந்துவிட்டது. 1672ஆம் ஆண்டில் ஒளியையும் நிறங்களையும் பற்றி நியூட்டன் அச்சஞ்சிகையில் எழுதியதன்மேல் ராபர்ட் ஹூக் முதலியோர் எழுப்பிய ஆட்சேபங்களால் அவர் மனம் கசந்தது. தம் ஒளியியல் நூலை, ஹூக் காலமான பிறகு, 1704ஆம் ஆண்டில்தான் வெளியிட்டார். மேதைகளும் இந்த விஷயத்தில் நம்மைப் போன்ற தோல் மெலிந்தவர்களே என்பது சிறிது ஆறுதல் தரும் செய்தி.

எழுதும் முறை எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு நமக்கு மிக அருகிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சீனிவாச ராமானுஜனின் முதல் கட்டுரை, பெர்னூலி எண்களின் சில தன்மைகளைப் பற்றியது, 1911ஆம் ஆண்டில் இந்தியக் கணிதச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. அச்சஞ்சிகையின் ஆசிரியராக இருந்தவர் பெங்களூர் ஸென்ட்ரல் கல்லூரியின் பேராசிரியர் எம். டி. நாராயணையங்கார். ராமானுஜன் தம் மனத்திலே பத்துப் படிகளை ஒரே தாவாகத் தாவி முடிவில் நின்றுகொள்வார்; பின்னே வருகிறவனுக்குப் படிகளே இல்லை. அவருடைய முறைகள் மிகவும் சுருக்கமாகவும் புதியனவாகவும், சொல்லும் விதம் தெளிவற்றதாகவும் இருந்தமையால் சாமானியக் கணித வாசகனால் பின்தொடர இயலவில்லை என்று நாராயணையங்கார் பிற்காலத்தில் நினைவு கூர்ந்திருக்கிறார். அந்தப் பிரதி ஆசிரியருக்கும் ராமானுஜனுக்குமிடையே திரும்பத் திரும்பப் போய்வந்த பிறகே அச்சுக்கேற்ற உருவத்தை அடைந்தது. ராமானுஜனை உலகறியச் செய்ததற்காகக் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டியை உலகம் கொண்டாடுகிறது, கொண்டாடவேண்டியதுதான். எனினும், 1913ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் தேதியிட்ட அந்தப் பிரசித்தமான கடிதம் சென்னையிலிருந்து கேம்பிரிட்ஜுக்குப் போவதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னரே, ஒரு மேதையின் படிப்பறிய இயலாத ஏட்டைக் குப்பைக்கூடையில் எறியாமல், பொறுமையோடு திருத்தி வாங்கிய பெங்களூர்ப் பேராசிரியருக்கும் அந்தப் புகழில் ஒரு பங்கு உண்டு. சஞ்சிகையாசிரியர் என்பவர் வாயிற்காவலர் மட்டும் அல்லர்.

இனி, கட்டுரையின் உருவத்துக்கு வருவோம். பரிசோதனை விஞ்ஞானத்தில் இன்று பெரும்பாலான கட்டுரைகள் முன்னுரை, செய்முறை, பலன்கள், விவாதம் என்ற நான்கு அங்கங்களை உடையனவாக இருக்கின்றன. இந்த அமைப்பு அநாதியானது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர்தான் அது மருத்துவச் சஞ்சிகைகளில் வேரூன்றியது. 1978ஆம் ஆண்டில் கனடாவின் வான்கூவர் நகரத்தில் மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் சிலர் கூடிப் பிரதிகளின் அமைப்புக்கு ஒரு பொது விதியை வகுத்தனர். அதுகாறும் ஒவ்வொரு சஞ்சிகைக்கும் ஒவ்வோர் ஆசாரம். ஒன்று நிராகரித்த பிரதியை மற்றொன்றுக்கு அனுப்பவேண்டுமானால், மேற்கோள் பட்டியலை மாற்றுவதற்காகவே முழுவதையும் மீண்டும் டைப் அடிக்கவேண்டியிருந்தது.

இந்த நான்கங்க அமைப்பின்மேல் தொடுக்கப்பட்ட குற்றச்சாட்டுக்களுள் கூரியது பிரிட்டிஷ் உயிரியல் அறிஞர் பீட்டர் மெடவார் 1963ஆம் ஆண்டில் வானொலியில் நிகழ்த்திய பேச்சு. விஞ்ஞானக் கட்டுரை ஒரு மோசடியா என்று அவர் கேட்டார். ஆராய்ச்சியாளன் முதலில் ஒரு கருத்தை ஊகித்துக்கொண்டு, அதன் வழியே தேடி, தடுமாறி, திரும்பி வந்து ஒரு முடிவை அடைகிறான். கட்டுரையிலோ, வெள்ளை மனத்தோடு உண்மைகளைச் சேகரித்ததாகவும், அவை தாமாகவே ஒரு முடிவுக்கு அழைத்துச் சென்றதாகவும் நடிக்கிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். இதில் உண்மை இருக்கிறது. ஆனாலும் முழு உடன்பாடு எனக்கில்லை. சமையல் ருசியாக இருக்கிறதா என்று பார்க்க வந்தவனுக்கு அடுப்பு எத்தனை முறை அணைந்தது என்ற கதை வேண்டியதில்லை. வேண்டுவது, தன் வீட்டில் அதைச் செய்துபார்க்கத் தேவையான அளவும் பக்குவமும். ஊகத்தை ஊகமென்றும், தேடாமல் கிடைத்ததைத் தேடாமல் கிடைத்ததென்றும் ஒளிக்காமல் சொல்லிவிட்டால் கட்டுரையின் நேர்மைக்குக் குறைவில்லை.

அந்த அளவையும் பக்குவத்தையும் சொல்லுமிடம் செய்முறைப் பகுதி. இளைஞர்கள் மிகவும் அலட்சியமாக எழுதுவது இதைத்தான். நான் முதலில் எழுதச் சொல்வதும் இதைத்தான், நோட்டுப் புத்தகத்தின் மை உலர்வதற்குள். 'அறை வெப்பத்தில் வைத்தோம்' என்று எழுதுகிறார்கள். எந்த அறையில்? மே மாதத்துச் சென்னையின் அறையும் ஜனவரி மாதத்து எடின்பரோவின் அறையும் ஒன்றாகுமா? 'நிமிஷத்துக்கு 10,000 சுற்று வேகத்தில் சுழற்றினோம்' என்று எழுதுகிறார்கள். சுழல் பொறியின் ஆரம் சொல்லப்படாதவரை, கரைசலின்மேல் எவ்வளவு விசை செயற்பட்டது என்பதைப் படிப்பவனால் கணக்கிட இயலாது. ஆரம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். எழுதியவனுக்கு இவையெல்லாம் கண்முன்னே நிற்பதால் சொல்லாமலே விளங்கிவிட்டதாக மயங்குகிறான். அந்த மயக்கம்தான் ராமானுஜனுடைய ஏட்டிலும் இருந்தது. அவருக்கு மேதாவிலாசம் ஈடு செய்தது, நமக்கு அந்த ஈடும் இல்லை.

பலன்களைச் சொல்லும் பகுதியில் அட்டவணையும் வரைபடமுமே பேசவேண்டும்; வாக்கியங்கள் அவற்றுக்கு வழிகாட்டினால் போதும். மூன்று எலிகளில் ஒன்று பிழைத்ததை 33.3 சதவீதம் என்று எழுதுவதைப் போன்ற பகட்டு விஞ்ஞானத்துக்கு அடாதது. புள்ளியியலைப் பற்றி ஒரு வார்த்தை. ரொனால்ட் ஃபிஷர் 1925ஆம் ஆண்டு நூலில், தற்செயலாக நேரக்கூடிய வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் குறைவானால் அதைக் கவனத்துக்குரியதாகக் கொள்வது சௌகரியம் என்ற கருத்தில் வகுத்த எல்லை, நாளடைவில் மோட்ச வாயிலைப் போல் ஆகிவிட்டது. 0.049 வந்தவன் கண்டுபிடிப்பாளன், 0.051 வந்தவன் பாவி! இந்த மூடபக்தியை எதிர்த்து அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட நேர்ந்தது.

விவாதப் பகுதியில் நம்மவர் செய்யும் பிழைகளுக்கு ஆங்கில வழிகாட்டி நூல்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. பவணந்தி முனிவர் நன்னூலில் தொகுத்துவைத்த குற்றங்களே போதும். இரண்டு வாரத்துச் செடிகளில் கண்டதைக் கொண்டு உலகத்தின் உணவுப் பஞ்சத்தைத் தீர்க்கப் புறப்படுவது மிகைபடக் கூறல். தன் பலனை விட்டுவிட்டு அத்துறையின் சரித்திரத்தை ஆதியோடந்தமாக அவிழ்ப்பது மற்றொன்று விரித்தல். மிடுக்காகத் தொடங்கி, 'மேலும் ஆராய்ச்சி தேவை' என்ற தேய்ந்த வாக்கியத்தில் போய் விழுவது சென்று தேய்ந்திறுதல். தலைப்பையும் சுருக்கத்தையும் எல்லாம் முடிந்த பிறகு எழுதுவதே உத்தமம். ஆயிரம் பேர் தலைப்பைப் பார்த்தால் அவர்களுள் சிலரே சுருக்கத்தைப் படிப்பார்கள். முழுக் கட்டுரையையும் படிப்பவரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆங்கிலமே விஞ்ஞானத்தின் தனியுரிமையான பாஷை என்பதும் அண்மைக் காலத்து நிலைதான். டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் 1924ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்பிய சிறு கட்டுரையை ஐன்ஸ்டைன் தம் கையாலேயே ஜெர்மனில் மொழிபெயர்த்து, ஜெர்மானியச் சஞ்சிகை ஒன்றில் வெளியிடச் செய்தார். இன்று ஆங்கிலத்தைத் திருத்தித் தர இயந்திரங்கள் வந்துவிட்டன. அவற்றைக் கட்டுரையாசிரியராகக் குறிக்கக்கூடாது, உபயோகித்ததை மறைக்கவும் கூடாது என்று 2023ஆம் ஆண்டு முதல் பெரிய சஞ்சிகைகள் விதித்திருக்கின்றன. தவறுக்குப் பொறுப்பேற்க முடியாத ஒன்று ஆசிரியன் ஆகமாட்டாது என்ற நியாயம் எனக்குச் சரியாகவே படுகிறது.

ஆசிரியர் யார் என்ற கேள்வி இயந்திரங்களுக்கு முன்பே சிக்கலாகிவிட்டது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ஜாக் ஹெதரிங்டன், தனியாக எழுதிய ஒரு கட்டுரையில் முழுவதும் 'நாங்கள்' என்றே எழுதிவிட்டார். ஒற்றை ஆசிரியர் பன்மையில் பேசுவதைச் சஞ்சிகை ஏற்காது என்று ஒரு நண்பர் சொன்னபோது, எல்லாவற்றையும் மறுபடி டைப் அடிப்பதற்குச் சோம்பி, தம் பூனையைக் கூட்டாசிரியராகச் சேர்த்து, எஃப். டி. சி. வில்லார்ட் என்று அதற்கு ஒரு கௌரவமான பெயரும் சூட்டி அனுப்பிவிட்டார். கட்டுரை 'பிஸிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' சஞ்சிகையில் வெளியாயிற்று. மற்றொரு கோடியில், ஹிக்ஸ் துகளின் நிறையைப் பற்றி 2015ஆம் ஆண்டில் அதே சஞ்சிகையில் வந்த கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் பெயர்களுக்கே போய்விட்டன. அந்த ஆயிரக்கணக்கானோர் உழைத்தவர்கள்; குறை சொல்வதற்கில்லை. குறை சொல்லவேண்டியது, துறைத்தலைவர் என்பதற்காகவும், கருவி வாங்கிக் கொடுத்தார் என்பதற்காகவும், 'கைடு'வின் நண்பர் என்பதற்காகவும் நம் நாட்டில் சேர்க்கப்படும் பெயர்களை. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்களின் சர்வதேசக் குழு விதித்திருக்கும் நிபந்தனைகள் நான்கு: ஆராய்ச்சியில் கணிசமான பங்கு, எழுதுவதிலோ திருத்துவதிலோ பங்கு, இறுதிப் படிவத்துக்குச் சம்மதம், முழுவதற்கும் பொறுப்பு. இவற்றுள் ஒன்றையும் நிறைவேற்றாத மனிதரைக் காட்டிலும் ஹெதரிங்டனின் பூனை எவ்விதத்திலும் தாழ்ந்ததன்று.

எந்தச் சஞ்சிகைக்கு அனுப்புவது என்பதை எழுதத் தொடங்கும்போதே தீர்மானித்துக்கொள்வது நலம். நாம் மேற்கோள் காட்டும் கட்டுரைகள் எந்தச் சஞ்சிகைகளில் அதிகமாக வந்திருக்கின்றனவோ, நம் வாசகரும் அங்கேதான் இருப்பர். இந்த எளிய யோசனையைக் குலைத்தது ஓர் எண். யூஜின் கார்ஃபீல்டு 1964ஆம் ஆண்டில் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். ஒரு சஞ்சிகையின் முந்திய இரண்டாண்டுக் கட்டுரைகள் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைச் சொல்லும் 'இம்பாக்ட் ஃபாக்டர்' அதிலிருந்து பிறந்து, 1975 முதல் ஆண்டுதோறும் வெளியாயிற்று. நூலகத்துக்கு எந்தச் சஞ்சிகையை வாங்கலாம் என்று நிச்சயிக்க உதவிய ஒரு கருவி, மனிதர்களுக்கு உத்தியோகம் கொடுக்கலாமா என்று நிச்சயிக்கும் கருவியாக மாறியது. ஒரு தெருவின் சராசரி வருமானத்தைக் கொண்டு அத்தெருவில் குடியிருக்கும் ஒருவனுக்குக் கடன் கொடுப்பது போன்ற விவேகம் இது.

கட்டாயம் பிறந்த இடத்தில் வியாபாரமும் பிறந்தது. காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலிச் சஞ்சிகைகளின் தன்மையை அறிய, ஜான் போஹானன் என்ற பத்திரிகையாளர் ஓர் உபாயம் செய்தார். கல்பாசியிலிருந்து எடுத்த பொருள் புற்றுநோய் அணுக்களைத் தடுக்கிறது என்று, பள்ளி இரசாயனம் தெரிந்தவரும் பிழை கண்டுபிடிக்கக்கூடிய ஒரு பொய்க் கட்டுரையைப் புனைந்து, கற்பனைப் பெயர்களில், கட்டணம் வாங்கும் 304 சஞ்சிகைகளுக்கு அனுப்பினார். 157 சஞ்சிகைகள் ஏற்றுக்கொண்டன. இச்செய்தி 2013ஆம் ஆண்டு 'ஸயன்ஸ்' இதழில் வெளியாயிற்று. நம் நாட்டின் பல்கலைக்கழக மானியக் குழு, நம்பத்தக்கவற்றைப் பிரித்துக் காட்ட 'கேர்' என்றொரு பட்டியலை ஏற்படுத்தி, 2025ஆம் ஆண்டில் அதையும் கைவிட்டது. பட்டியலை நம்புவதைவிட, அந்தச் சஞ்சிகையின் பழைய இதழ்கள் நான்கைப் புரட்டிப் பார்க்கும் பழக்கமே பாதுகாப்பு. அனுப்பிய மூன்றாம் நாள் புகழுரையோடு ஒப்புதலும், ரசீதுக்கு முன்பே பணக் கோரிக்கையும் வந்தால், அங்கே நம் கட்டுரையை ஒருவரும் படிக்கவில்லை என்று கொள்ளலாம்.

போலிகளை விட்டு மெய்யானவற்றைப் பார்த்தாலும் பணத்தின் தொல்லை இருக்கிறது. யாவரும் இலவசமாகப் படிக்கும்படி கட்டுரையைத் திறந்து வைப்பதற்கு 'நேச்சர்' சஞ்சிகை 2020ஆம் ஆண்டின் இறுதியில் அறிவித்த கட்டணம் 9,500 யூரோ. அன்றைய மதிப்பில் 8 லட்ச ரூபாய்க்கு மேல். 2024ஆம் ஆண்டு நவம்பரில் நம் மத்திய அரசாங்கம் மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பிரசுரகர்த்தர்களின் ஏறக்குறைய 13,000 சஞ்சிகைகளை அரசாங்கக் கலாசாலைகள் படிப்பதற்கு வழி செய்தது பெரிய காரியம். சிற்றூர்க் கல்லூரி ஆசிரியரும் இனிப் படிக்கலாம். ஆனால் படிக்கும் கதவு வேறு, எழுதும் கதவு வேறு. கட்டணமே கேளாத நம் நாட்டுச் சஞ்சிகைகளை, சி. வி. ராமன் 1934ஆம் ஆண்டில் ஸ்தாபித்த இந்திய விஞ்ஞான அக்காதெமியின் வெளியீடுகளைப் போன்றவற்றை, நம்மவரே இரண்டாந்தரமாக நினைப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

அனுப்பும் சடங்கைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சஞ்சிகையின் விதிகளை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும். ஆசிரியருக்கு எழுதும் கடிதத்தில் கட்டுரையின் சுருக்கத்தையே திரும்ப ஒட்டாமல், என்ன புதிது, ஏன் உங்கள் வாசகருக்கு என்பதை ஒரு பக்கத்துக்குள் சொல்லவேண்டும். மனிதர்மேல் நடத்திய மருத்துவப் பரிசோதனையானால், தொடங்கும் முன்பே பதிவு செய்திருக்கவேண்டும். இந்தியாவில் 2009 ஜூன் முதல் அது கட்டாயம். ஒரே கட்டுரையை ஒரே சமயத்தில் இரண்டு சஞ்சிகைகளுக்கு அனுப்பலாகாது என்ற விதியை மட்டும் பலர் அநியாயமென்று நினைக்கிறார்கள். கூலியில்லாமல் படித்துக் கருத்துச் சொல்லும் அறிஞர்களின் உழைப்பை வீணாக்கலாகாது என்பதே அதன் காரணம். ஒரு காலத்தில் வேறொரு தடையும் இருந்தது. ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் அல்லாதவர் எழுதியதை அங்கத்தினர் ஒருவர் சமர்ப்பிக்கவேண்டும். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் தம் முதற் கட்டுரைகளுள் ஒன்றைக் கேம்பிரிட்ஜிலிருந்த ஆர். எச். ஃபௌலருக்கு அனுப்ப, அவர் சிற்சில திருத்தங்கள் சொல்லிச் சமர்ப்பித்து, 1929ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. அந்த இளைஞரே பின்னர் 1952 முதல் 1971 வரை 'அஸ்ட்ரோபிஸிக்கல் ஜர்னல்' என்ற சஞ்சிகையின் ஆசிரிய பீடத்தில் அமர்ந்து, பிறர் ஏடுகளை எடைபோட்டார்.

கூடங்களில் 'ரெஃப்ரீ' என்று வழங்கும் பரிசீலகரும் நாம் நினைக்கும் அளவுக்குப் பழையவர் அல்லர். எழுத்துமூலமாக அபிப்பிராயம் வாங்கும் வழக்கம் 1830களின் தொடக்கத்தில், வில்லியம் ஹ்யூவெல்லின் யோசனையால் ராயல் சொஸைட்டியில் புகுந்தது. ஜார்ஜ் எய்ரியின் வானியல் கட்டுரையைப் பார்த்த முதல் இரண்டு பரிசீலகர்களே தமக்குள் ஒத்துப்போகவில்லை என்பது ரசமான விஷயம். 'நேச்சர்' இதை எல்லாக் கட்டுரைக்கும் கட்டாயமாக்கியது 1973ஆம் ஆண்டில்தான். 1953 ஏப்ரல் 25ஆம் தேதி அதில் வெளிவந்த வாட்ஸன்-கிரிக் கட்டுரை, உயிரின் மரபுப் பொருளுக்கு இரட்டைச் சுருள் வடிவம் கண்ட அந்த ஒரு பக்கத்துச் சொச்சம், பரிசீலகர் கண்ணில் படாமலே அச்சேறியது. ஹான்ஸ் கிரெப்ஸ் 1937ஆம் ஆண்டில் சிட்ரிக் அமிலச் சுழலைப் பற்றி அனுப்பிய குறிப்பையோ, கையிருப்பில் கடிதங்கள் மிகுந்துவிட்டன என்று அதே சஞ்சிகை திருப்பிவிட்டது. அவர் சோர்ந்து உட்காராமல் ஹாலந்து நாட்டுச் சஞ்சிகையொன்றுக்கு அனுப்பி வெளியிட்டார். 1953ஆம் ஆண்டில் நோபல் பரிசும் பெற்றார். ஆகவே நிராகரிப்பு நம் ஆராய்ச்சியின் மதிப்பைப் பற்றிய தீர்ப்பாக எப்போதும் இராது. சில வேளைகளில் அது மேஜையின்மேல் குவிந்த காகிதத்தின் உயரத்தைப் பற்றிய செய்தி மட்டுமே.

திருத்தம் கோரி வரும் கடிதத்தைப் பெற்ற அன்றே பதில் எழுதலாகாது என்பது எல்லாரும் சொல்லும் யோசனை. ஒரு வாரம் மேஜைக்குள் வைத்துவிட்டு எடுத்தால், அவமானம் என்று தோன்றியவற்றுள் பாதி நியாயமாகத் தோன்றும். ஒவ்வோர் ஆட்சேபத்தையும் தனித்தனியே எடுத்துக்கொண்டு, ஏற்றதை எந்தப் பக்கத்தில் எப்படி மாற்றினோம் என்றும், ஏற்காததை ஏன் ஏற்கவில்லை என்றும் அமைதியாக எழுதவேண்டும். பரிசீலகர் தவறாகப் புரிந்துகொண்டார் என்று பொருமுவதில் பயனில்லை. கூர்ந்து படிக்கவேண்டிய கடமை பூண்டவரே அப்படிப் புரிந்துகொண்டால், அவசரமாகப் படிப்பவர் என்ன புரிந்துகொள்வார்? இந்த ஏற்பாட்டை ஏமாற்ற முனைந்தவர்களும் உண்டு. பொய் முகவரிகளைப் படைத்துத் தம் கட்டுரையைத் தாமே பரிசீலித்துக்கொண்ட ஒரு கூட்டம் அகப்பட்டதால், 2014ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகை 60 கட்டுரைகளை ஒரே மூச்சில் ரத்து செய்தது.

இவ்வளவு நிதானத்தையும் வற்புறுத்தும்போது, அவசரமே தர்மமான வேளையும் உண்டு என்பதை மறைப்பது நேர்மையாகாது. 1928 பிப்ரவரி 28ஆம் தேதி கல்கத்தாவில் சிதறிய ஒளியின் புதிய கோடுகளை நேரடியாகக் கண்ட சி. வி. ராமன், அடுத்த நாளே பத்திரிகைகளில் செய்தி வரச் செய்தார். மார்ச்சு 16ஆம் தேதி பெங்களூரில் பிரசங்கம் செய்தார். அதை மார்ச்சு 31ஆம் தேதிக்குள் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் பிஸிக்ஸ்' சஞ்சிகையில் அச்சிட்டு, பிரதிகளை உலகத்து விஞ்ஞானிகளுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். கே. எஸ். கிருஷ்ணனோடு சேர்ந்தெழுதிய குறிப்பு அதே நாளில் 'நேச்சர்' இதழிலும் வெளிவந்தது. மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க்கும் மாண்டெல்ஷ்டாமும் பிப்ரவரியிலேயே அதே தோற்றத்தைப் படிகங்களில் கண்டிருந்தும், அவர்கள் கட்டுரை ஜெர்மானியச் சஞ்சிகையில் வந்தது ஜூலையில். ராமனுடைய வேகத்தைப் படபடப்பு என்று சொல்பவர், அதற்குப் பின்னே ஏழாண்டு காலத்து ஒளிச்சிதறல் ஆராய்ச்சி நின்றதை மறந்துவிடுகிறார்கள். கையருகே ஒரு சஞ்சிகையும் அச்சுக்கூடமும் இருந்ததும் அதிருஷ்டமன்று. இந்திய விஞ்ஞானத்துக்கு இந்தியாவிலேயே ஏடு வேண்டும் என்று அவரே முன்னரே செய்துவைத்த ஏற்பாடு. அந்த அவசரத்துக்கு இன்றைய மாற்று, 1991ஆம் ஆண்டில் பால் கின்ஸ்பார்க் லாஸ் அலமோஸில் தொடங்கிய 'ஆர்க்கைவ்' போன்ற முன்பிரதிக் களஞ்சியங்கள். அங்கே முதலில் தேதியைப் பதிந்துகொண்டு, பிறகு பரிசீலனைக்குப் பொறுமையாகக் காத்திருக்கலாம்.

கடைசிப் படி, அச்சகத்தார் 'புரூஃப்' என்று அனுப்பும் மெய்ப்பு. இரண்டு நாளில் திருப்பவேண்டும் என்ற கெடுவோடு வருவதால், நண்பர்கள் இதை ஒரு பார்வையோடு விட்டுவிடுகிறார்கள். பெயரின் எழுத்து, அட்டவணையின் தசமப் புள்ளி, படத்தின் அளவுகோல் ஆகியவற்றைத் திருத்த இதுவே கடைசிச் சந்தர்ப்பம். பெரிய மாற்றங்களுக்கு இது இடமன்று என்பது சம்பிரதாயம். அந்தச் சம்பிரதாயத்தை மீறிய மெய்ப்பு ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

1936ஆம் ஆண்டில் ஐன்ஸ்டைனும் நேதன் ரோஸனும், ஈர்ப்பலைகள் உண்டா என்று ஆராய்ந்து, இல்லை என்ற முடிவோடு ஒரு கட்டுரையை 'பிஸிக்கல் ரிவ்யூ' சஞ்சிகைக்கு அனுப்பினர். அதன் ஆசிரியர் ஜான் டேட் அதைப் பரிசீலகருக்கு அனுப்பி, அவர் கண்ட பிழைகளின் நீண்ட பட்டியலை ஐன்ஸ்டைனுக்குத் தெரிவித்தார். ஐரோப்பிய வழக்கத்தில் பழகிய ஐன்ஸ்டைனுக்குக் கோபம் வந்துவிட்டது. அச்சிடுவதற்குத்தான் அனுப்பினோம், பிறருக்குக் காட்டுவதற்கு அனுமதி தரவில்லை என்ற பொருளில் எழுதி, கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஃபிராங்க்ளின் நிலையத்தின் சஞ்சிகைக்குக் கொடுத்தார். அந்தப் பரிசீலகர் எச். பி. ராபர்ட்ஸன் என்பது 2005ஆம் ஆண்டில்தான் பகிரங்கமாயிற்று. அவர் தாமே பரிசீலகர் என்பதைக் காட்டிக்கொள்ளாமல், பிரின்ஸ்டனில் ஐன்ஸ்டைனின் உதவியாளராயிருந்த இன்ஃபெல்டோடு பேசிப் பேசிப் பிழையின் இடத்தை உணர்த்தினார். மெய்ப்பு கைக்கு வந்த நேரத்தில் ஐன்ஸ்டைன் முடிவையே தலைகீழாக மாற்றினார். தலைப்பும் 'ஈர்ப்பலைகளைப் பற்றி' என்றாகி, 1937ஆம் ஆண்டில் கட்டுரை வெளிவந்தது. 'பிஸிக்கல் ரிவ்யூ'வுக்கு அவர் அதன்பின் ஆராய்ச்சிக் கட்டுரை எதுவும் அனுப்பவில்லை.

ஈர்ப்பலைகள் நேரடியாக அகப்பட்டது 2015 செப்டம்பர் 14ஆம் தேதி. கண்டவர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள். ஆயினும் ஐந்து மாத காலம் வாய் திறக்கவில்லை. எழுதினார்கள், பரிசீலகர்களுக்கு விடை சொன்னார்கள், ஒப்புதல் பெற்ற பிறகே உலகத்துக்கு அறிவித்தார்கள். அந்தக் கட்டுரை 2016 பிப்ரவரி 11ஆம் தேதி வெளிவந்தது, ஐன்ஸ்டைன் கோபித்துக்கொண்டு விலகிய 'பிஸிக்கல் ரிவ்யூ'வின் கிளைச் சஞ்சிகையிலேயே. பெயர்ப் பட்டியலைக் கடந்ததும், பொடி எழுத்தில் ஒரு வரி: பெறப்பட்டது, 2016 ஜனவரி 21.